க்யூ எங்கே நிற்கிறது?

சித்தூர் மாவட்டத்தின் தென்கிழக்கு விளிம்பில், தமிழ்நாட்டின் பள்ளிப்பட்டை ஒட்டினாற்போல் இருக்கிறது பாலசமுத்திரம். 1960 ஏப்ரலில் திருத்தணியும் பள்ளிப்பட்டும் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தபோது, கோட்டுக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்ட பகுதி. பல வீடுகளில் தமிழ், ஆபீசில் தெலுங்கு. ஆனால் இரு மொழிக்காரர்களும் ஒன்றுபோல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘சர்வர் டவுன்.’

பயிர்க்கடன் கேட்டுப் போகும் விவசாயியிடம் வங்கி அடங்கல் கேட்கும், 1-பி நகல் கேட்கும். இரண்டுக்கும் போகவேண்டிய இடம் மீ சேவா மையம். சர்வே எண்ணைத் தட்டிவிட்டு ஆபரேட்டர் காத்திருக்கிறார். திரையில் ஒரு சின்ன வட்டம் சுழல்கிறது. சுழன்றுகொண்டே இருக்கிறது. ‘சர்வர் ஸ்லோவா இருக்குண்ணா, மத்தியானம் வந்து பாருங்க’ என்கிறார் கடைசியில். வந்தவருக்கு அரை நாள் வேலை போயிற்று. மத்தியானமும் இதே பதில் வந்தால் முழு நாளும் போகும்.

மீ சேவா திட்டம் 2011 நவம்பரில் முதலில் தொடங்கப்பட்டதே இந்தச் சித்தூர் மாவட்டத்தில்தான். தாசில்தார் ஆபீஸ் பீரோவில் கிடந்த கணக்கு, எங்கோ தொலைவில் குளிரூட்டப்பட்ட அறையில் உள்ள டிஸ்க்குக்குக் குடிபெயர்ந்தது. லஞ்சம், அலைச்சல் இரண்டும் குறைந்ததை மறுப்பவர்கள் குறைவு. ஆனால் அந்தக் காலத்தில் காக்கவைப்பவர் யார் என்று தெரியும். அவரிடம் கெஞ்சலாம், சண்டை போடலாம், மேலதிகாரியிடம் புகார் சொல்லலாம். இப்போது காக்கவைப்பது ‘சர்வர்’. அதற்கு முகம் இல்லை.

இதில் ஒரு விஷயம் பலருக்கும் தெரியாது. ‘டவுன்’ என்று சொல்லப்படும் நேரங்களில் பெரும்பாலும் சர்வர் விழுந்திருப்பதில்லை. ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உள்ளே எங்கோ ஒரு இடத்தில் வேலைகள் க்யூவில் நிற்கின்றன, அவ்வளவுதான். பிராசசர் முன்னால் நிற்கலாம், மெமரிக்காக நிற்கலாம், டிஸ்க் முன்னால் நிற்கலாம், டேட்டாபேஸுக்குள் ஒன்று பூட்டிவைத்ததை இன்னொன்று எதிர்பார்த்து நிற்கலாம். எந்தக் க்யூ என்று கண்டுபிடிப்பதுதான் வைத்தியம். அதைப் பார்க்காமலே ‘புது மிஷின் வாங்கவேண்டும்’ என்று ஃபைலில் எழுதிவிடுவது நம்மூர் வழக்கம். புது மிஷின் வருகிறது. மூன்று மாதம் வேகமாக ஓடுகிறது. பிறகு அதே வட்டம் சுழல ஆரம்பிக்கிறது.

க்யூவைப் பற்றி இந்தப் பகுதிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரியும்வரை திருமலை, சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. பெருமாள் முன்னால் நிற்கக் கிடைப்பது சில விநாடிகள். ‘ஜருகண்டி, ஜருகண்டி’ என்ற குரல் காதில் விழும்போதே கால் நகர்ந்துவிட்டிருக்கும். அந்தச் சில விநாடிகளுக்காக வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் பல மணி நேரம். தரிசனத்துக்கு ஆகும் நேரம் வேறு, காத்திருக்க ஆகும் நேரம் வேறு என்பதை உடம்பாலேயே தெரிந்துகொண்டவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். சர்வர் நிபுணர்கள் டிஸ்க்கைப் பார்க்கும்போது முதலில் பிரித்துப் பார்ப்பதும் இதைத்தான்.

கூட்டம் அதிகமான நாட்களில், 31 கம்பார்ட்மெண்ட்களும் நிரம்பி வரிசை வெளியே சிலாதோரணம் வரை நீண்டிருப்பதாகவும், இத்தனை மணி நேரம் ஆகும் என்றும் செய்தி வரும். அந்த மணிக்கணக்குக்கு ஜோசியம் தேவையில்லை. மணிக்கு 3,000 பேர் தரிசனம் முடித்து வெளியே வருகிறார்கள், வரிசையில் 30,000 பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், கடைசி ஆளுக்குப் பத்து மணி நேரம். க்யூவில் இருப்பவர் எண்ணிக்கை, நகரும் வேகம், காத்திருக்கும் நேரம் ஆகிய மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தெரியும். இதை 1961-ல் கணிதமாக நிரூபித்தவர் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர். யூனிக்ஸ், லினக்ஸ் சர்வர்களில் ‘ஐஓஸ்டாட்’ என்ற கட்டளை காட்டும் எண்களும் இந்த மூன்றுதான்: விநாடிக்கு எத்தனை வேலை முடிகிறது, சராசரியாக எத்தனை வேலை வரிசையில் இருக்கிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது. விநாடிக்கு 80 வேலை முடிக்கும் டிஸ்க்கின் முன் 40 வேலை நின்றால், ஒவ்வொன்றுக்கும் அரை விநாடி. ஒரு அடங்கலை எடுத்துத் தர டிஸ்க்கை 30 தடவை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடவேண்டியிருந்தால் 15 விநாடி. வட்டம் சுழல்வதன் ரகசியம் இதுதான்.

அந்த 80 எங்கிருந்து வந்தது? சுழலும் ஹார்ட் டிஸ்க்கின் உடற்கூறிலிருந்து. நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது விநாடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் தலைக்கு நேராக வர சராசரியாக அரைச் சுற்று, சுமார் 4 மில்லி விநாடி. தலை உள்ளும் புறமும் நகர இன்னும் 8 அல்லது 9. மொத்தம் பன்னிரண்டு, பதின்மூன்று. விநாடிக்கு 80 தடவைக்கு மேல் அங்குமிங்கும் தாவ அதனால் முடியாது. அதே டிஸ்க், வரிசையாக அடுக்கிவைத்த தகவலைப் படிக்கச் சொன்னால் விநாடிக்கு 150 மெகாபைட் தாராளமாகத் தரும். சிதறிக்கிடப்பதை நாலு நாலு கிலோபைட்டாகப் பொறுக்கச் சொன்னால் 320 கிலோபைட் தந்துவிட்டு மூச்சு வாங்கும். ஒரே சாதனத்தின் இரண்டு முகங்களுக்கு நடுவே நானூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். கடைக்காரர் சொல்லும் வேகம் முதல் வகை. டேட்டாபேஸ் கேட்பதோ பெரும்பாலும் இரண்டாவது.

சுழலாத எஸ்எஸ்டி டிஸ்க்குகள் வந்தபிறகு இந்தக் கணக்கு தலைகீழாக மாறியிருக்கிறது. விநாடிக்குப் பல்லாயிரம் தடவை தாவும். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தவர்கள் உண்டு. தீரவில்லை, க்யூ இடம் மாறி நின்றுகொண்டது. சர்வே எண்ணுக்கு இண்டெக்ஸ் போடாத டேபிளில் ஒரு சர்வே எண்ணைத் தேடினால், சர்வர் மாநிலம் முழுவதன் பதிவுகளையும் முதல் வரியிலிருந்து படிக்கும். எஸ்எஸ்டி அந்த வீண் வேலையை வேகமாகச் செய்து கொடுக்கும். அவ்வளவே.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதிகாரிகளுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். டிஸ்க் 90 சதவீத நேரம் வேலை செய்கிறது என்றால், போட்ட காசுக்கு நல்ல உழைப்பு என்றுதான் தோன்றும். ஆனால் வேலைகள் ஒழுங்கில்லாமல் வந்து சேரும் இடத்தில், பாதி நேரம் மட்டும் வேலை செய்யும் சாதனம் ஒரு வேலையை முடித்துத் தர இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். 80 சதவீதத்தில் ஐந்து மடங்கு. 90-ல் பத்து. 95-ல் இருபது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எத்தனை லைன் வேண்டும் என்று கணக்குப்போட கோபன்ஹேகனில் எர்லாங் என்ற எஞ்சினியர் 1909-ல் தொடங்கிய கணிதத்தின் வாரிசு இது. நேற்றுவரை நன்றாக ஓடிய சர்வர், பத்து சதவீதம் கூட்டம் கூடியதும் ஏன் படுத்துவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? ரங்கராஜன் கமிட்டி 1984-ல் வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று சொன்னதற்குப் பின் வந்த ஆண்டுகளில் கிளைகளில் யூனிக்ஸ் மிஷின்களைக் கட்டி மேய்த்த தலைமுறைக்கு, சில கட்டளைகள் விரல் நுனியில் இருந்தன. இன்றைய லினக்ஸிலும் பெயர் மாறாமல் அவை இருக்கின்றன. பார்ப்பவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

முதலில் எல்லோரும் அடிப்பது ‘அப்டைம்’. அது ‘லோட் ஆவரேஜ்’ என்று மூன்று எண்களைக் காட்டும். எட்டு பிராசசர் உள்ள மிஷினில் 40 என்று வந்தால் பிராசசர் போதவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். இங்கேதான் முதல் வழுக்கல். பழைய யூனிக்ஸில் அந்த எண், பிராசசருக்காக நிற்பவர்களின் எண்ணிக்கை. லினக்ஸிலோ 1993-லிருந்து டிஸ்க்கை எதிர்பார்த்து அசையாமல் நிற்பவர்களும் அதில் சேர்த்தி. நாற்பதில் 38 பேர் டிஸ்க் வாசலில் நிற்கலாம். பிராசசர் ஈ ஓட்டிக்கொண்டிருக்கலாம். அந்த மிஷினுக்கு இன்னும் எட்டு பிராசசர் வாங்கிப் போட்டால் ஈ ஓட்டுபவர்கள் பதினாறு பேர் ஆவார்கள்.

எனவே அடுத்தது ‘விஎம்ஸ்டாட்’. அதில் ‘ஆர்’ என்ற பத்தி பிராசசருக்காக நிற்பவர்கள், ‘பி’ என்ற பத்தி டிஸ்க் போன்றவற்றுக்காக நிற்பவர்கள். ‘எஸ்ஐ’, ‘எஸ்ஓ’ என்ற இரண்டு பத்திகள் தொடர்ந்து பூஜ்யமாக இல்லாவிட்டால், மெமரி போதாமல் தகவலை டிஸ்க்குக்கும் மெமரிக்குமாகத் தூக்கிப்போட்டு விளையாடிக்கொண்டிருக்கிறது சர்வர் என்று பொருள். இந்த நிலையில் டிஸ்க்கைக் குறைசொல்வது, வயிற்றுக் கோளாறால் வந்த தலைவலிக்கு நெற்றியில் பற்றுப் போடுவது மாதிரி. வேண்டியது மெமரி, அல்லது மெமரியை விழுங்கும் புரோகிராமுக்கு ஒரு கடிவாளம்.

மெமரி என்றதும் இன்னொரு பீதி. ‘ஃப்ரீ’ என்ற கட்டளையைத் தட்டிப் பார்த்தவர், 64 ஜிகாபைட்டில் ஒன்றுதான் காலி என்று அலறுவார். அலற வேண்டியதில்லை. ஒருமுறை டிஸ்க்கிலிருந்து எடுத்ததை அடுத்தமுறைக்காக மெமரியிலேயே வைத்துக்கொள்வது லினக்ஸின் குணம். யாராவது இடம் கேட்டால் உடனே காலி செய்து கொடுத்துவிடும். பார்க்கவேண்டியது ‘அவைலபிள்’ என்ற பத்தி. இந்த மெமரியை ‘சுத்தம்’ செய்கிறேன் என்று இரவில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிடும் ஆர்வக்கோளாறுகள் இருக்கிறார்கள். மறுநாள் காலை அத்தனை அடங்கலும் மறுபடி டிஸ்க்கிலிருந்து வரவேண்டியதாகிறது.

மூன்றாவதாக ‘ஐஓஸ்டாட்’. அதில் ‘அவெய்ட்’ என்ற பத்திதான் மாமியார். ஒரு வேலை க்யூவில் சேர்ந்ததிலிருந்து முடிந்து திரும்பும்வரை எத்தனை மில்லி விநாடி என்று சொல்லும். சுழலும் டிஸ்க்குக்கு 10, 15 என்றால் சரி. 300, 400 என்றால் வாசலில் கூட்டம். எஸ்எஸ்டிக்கு ஒன்றிரண்டைத் தாண்டினாலே விசாரிக்கவேண்டும். பக்கத்தில் ‘யூட்டில்’ என்ற சதவீதம் வரும். 100 என்று பார்த்ததும் பலருக்கு ரத்த அழுத்தம் ஏறும். ஒற்றை ஹார்ட் டிஸ்க்குக்கு அது நியாயமான பயம். ஒரே சமயத்தில் பல வேலைகளைச் செய்யும் எஸ்எஸ்டிக்கும் ரெய்டு அடுக்குக்கும் அந்த 100, ஏதோ ஒரு கவுண்ட்டராவது திறந்திருந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. எத்தனை கவுண்ட்டர் காலியாக இருந்தது என்று சொல்லாது. ‘அவெய்ட்’ குறைவாக இருக்கும்வரை ‘யூட்டில்’ 100 ஆனாலும் தூங்கப் போகலாம்.

எண்கள் காட்டும் காரணங்கள் சில சமயம் சப்பென்று இருக்கும். இரவு இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடிந்துகொண்டிருந்த பேக்அப், தகவல் பெருகப் பெருக நீண்டு, காலை பத்து மணிக்கும் ஓடிக்கொண்டிருக்கும். கவுண்ட்டர் திறந்தது யாருக்கோ, டிஸ்க்கை ஆண்டுகொண்டிருப்பது பேக்அப். புரோகிராமர் சோதனைக்காகப் போட்ட விரிவான லாக், சோதனை முடிந்து இரண்டு வருஷம் கழித்தும் ஒவ்வொரு அசைவையும் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும். எதையுமே மாற்றாத ஒரு நாளில் எழுதும் வேகம் திடீரென்று பாதாளத்துக்குப் போனால், அனுபவஸ்தர்கள் முதலில் பார்ப்பது ரெய்டு கார்டில் உள்ள சின்ன பேட்டரியை. அது செத்துப்போனால், கார்டு தன்னிடம் உள்ள மெமரியில் எழுதிவைத்துக்கொள்ளும் சலுகையைப் பத்திரம் கருதி ரத்து செய்துவிடும். பல லட்ச ரூபாய் சர்வர், கைக்கடங்கும் ஒரு பேட்டரிக்காக ஊர்ந்துகொண்டிருக்கும்.

விசித்திரமான காரணங்களும் உண்டு. சன் கம்பெனியில் இருந்த பிரெண்டன் கிரெக் என்ற எஞ்சினியர் 2008 டிசம்பரில் வெளியான ஒரு வீடியோவில், ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் அடுக்கின் அருகே போய் ஓங்கிக் கத்தினார். மானிட்டரில் டிஸ்க்கின் தாமதம் துள்ளி எழுந்தது. அதிர்ச்சியில் தலை தடம் விலகி, மறுபடி சரியாகி வரவேண்டியிருந்ததுதான் காரணம். சர்வரைத் திட்டினால் அது இன்னும் மெதுவாகும் என்பது அறிவியல்பூர்வமாகவே நிரூபணமாகியிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு, திருகுவதற்கென்று லினக்ஸில் நூற்றுக்கணக்கான குமிழ்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை சில சதவீதத்துக்கு மேல் எதையும் மாற்றாதவை. எழுதவேண்டியதை மெமரியில் எவ்வளவு சேர்த்துவைக்கலாம் என்ற குமிழ் மட்டும் கவனிக்கத்தக்கது. வழக்கமான அமைப்பு 20 சதவீதம். 64 ஜிகாபைட் மிஷினில் 12 ஜிகாபைட் வரை சேர்ந்துவிட்டு, விநாடிக்கு 100 மெகாபைட் எழுதும் டிஸ்க்கின் தலையில் மொத்தமாகக் கொட்டினால், இரண்டு நிமிடத்துக்கு வேறு யாருக்கும் வழி கிடைக்காது. அளவைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எழுதச் சொல்வது நல்லது. மற்றபடி பெரிய லாபம் குமிழ்களில் இல்லை. செய்யாமல் விடக்கூடிய வேலையைச் செய்யாமல் விடுவதில் இருக்கிறது.

ஆனால் ஒரு குமிழ் இருக்கிறது. அதைத் திருகினால் சர்வர் பறக்கும். அதுதான் ஆபத்து.

சர்வரில் ஒரு பதிவை எழுதச் சொன்னால், ஆபரேட்டிங் சிஸ்டம் அதை மெமரியில் வாங்கிவைத்துக்கொண்டு ‘எழுதியாயிற்று’ என்று சொல்லிவிடும். உண்மையில் டிஸ்க்குக்குப் போக அரை நிமிடம் வரை ஆகலாம். அதற்குள் கரண்ட் போனால் பதிவு போயிற்று. அதனால்தான் ஒழுங்கான டேட்டாபேஸ்கள் ஒவ்வொரு பரிவர்த்தனையின் முடிவிலும் ‘எஃப்சிங்க்’ என்ற கட்டளையைக் கொடுத்து, டிஸ்க்கில் உண்மையாகவே எழுதி முடியும்வரை காத்திருக்கின்றன. பிறகே ரசீது. இந்த நேர்மைக்கு விலை உண்டு. துணைக்கு எதுவும் இல்லாத 7,200 சுற்று டிஸ்க்கில், ஒவ்வொரு பரிவர்த்தனையாக எழுதினால், விநாடிக்கு 120-ஐத் தாண்ட முடியாது. பத்து மணிக் கூட்டத்தில் இது போதவே போதாது. எஃப்சிங்க்கை அணைத்துவிட்டால் அதே மிஷின் விநாடிக்கு ஆயிரக்கணக்கில் முடிக்கும். மேலிடத்திலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருக்கும் நேரத்தில், அணைத்துவிடக் கை துறுதுறுக்கத்தான் செய்யும்.

அணைத்தபின் என்ன ஆகும்? பல மாதம் ஒன்றும் ஆகாது. சர்வரைச் சரிசெய்தவருக்குப் பாராட்டுகூடக் கிடைக்கும். பிறகு ஒரு நாள் யுபிஎஸ் கைவிடும். நிலம் வாங்கியவர் கையில் பதிவு ரசீது இருக்கும். டிஸ்க்கில் அந்தப் பதிவு இருக்காது. விற்றவர் பெயரிலேயே 1-பி வரும். அந்த நிமிடம் விற்ற ஆளுக்கு இன்னொரு முறை விற்க ஆசை வந்தால், கம்ப்யூட்டர் அவர் பக்கம்தான் சாட்சி சொல்லும். சில பதிவுகள் போவதோடு நிற்பதும் இல்லை. பாதி எழுதிய பக்கங்களால் டேட்டாபேஸ் முழுவதுமே குலைந்துபோகலாம் என்று போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் கையேடு எச்சரிக்கிறது.

நேர்மையான வழிகள் இல்லாமல் இல்லை. ஒரே சமயத்தில் வந்த ஐம்பது பரிவர்த்தனைகளைச் சேர்த்து ஒரே எஃப்சிங்க்கில் முடிக்கலாம். நல்ல டேட்டாபேஸ்கள் தாமே இதைச் செய்யும். லாக் எழுதுவதற்குத் தனி டிஸ்க் கொடுக்கலாம். பேட்டரி உள்ள ரெய்டு கார்டோ, கரண்ட் போனாலும் கையில் உள்ளதை எழுதி முடிக்கும் அளவு மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டியோ வாங்கலாம். காசு செலவழிக்கத் தகுந்த இடம் இதுதான். அப்படியும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. டிஸ்க்கில் எழுதும்போது தவறு நேர்ந்தால், லினக்ஸ் அதை ஒருமுறை சொல்லிவிட்டு, மறுமுறை எஃப்சிங்க் கேட்கும்போது எல்லாம் சரி என்று பதில் தந்துவிடக்கூடும் என்பதை போஸ்ட்கிரெஸ்காரர்கள் 2018-ல்தான் கவனித்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நம்பிக்கொண்டிருந்த வாக்குறுதியில் ஓட்டை. அதன்பிறகு, எஃப்சிங்க் தவறினால் மறுமுறை கேட்காமல் டேட்டாபேஸே தன்னை நிறுத்திக்கொண்டு லாக்கிலிருந்து மறுபடி எழும்படி மாற்றிவிட்டார்கள்.

இனி, டிஸ்க்கால் தீர்க்கவே முடியாத க்யூ. 2021 செப்டம்பரில் திருப்பதியில் சித்தூர் மாவட்டக்காரர்களுக்கென்று இலவச தரிசன டோக்கன்களை நேரில் கொடுத்துக்கொண்டிருந்தது தேவஸ்தானம். புரட்டாசி பிறந்ததும் தமிழ்நாட்டிலிருந்தும் கூட்டம் திரண்டது. கோவிட் நேரம். நேரடி வினியோகத்தை நிறுத்தி, நாளுக்கு 8,000 டோக்கன் என்று இணையத்தில் விட்டார்கள். ஒரு மாதத்துக்கும் மேலான டோக்கன்கள் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. 300 ரூபாய் டிக்கெட் வெளியாகும் காலை பத்து மணிக்கும் இதே கதைதான். அந்த ஒரு மணி நேரத்துக்காக ஆண்டு முழுவதும் ஓடும் சர்வரைப் பத்து மடங்கு பெரிதாக வாங்கினாலும், வருபவர்கள் நூறு மடங்காக இருப்பார்கள். டிக்கெட் எண்ணிக்கை கூடப்போவதில்லை. எனவே தளத்தின் வாசலிலேயே ஒரு மெய்நிகர் க்யூவில் நிறுத்தி, தாங்கும் அளவுக்கு மட்டும் உள்ளே விடுகிறார்கள். வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸ் செய்யும் அதே காரியம்.

ரயில்வேயின் அனுபவமும் இதற்கு ஒத்துப்போகிறது. இணைய டிக்கெட் 2002-ல் வந்தது. 2014-ல் புதிய அமைப்பைத் தொடங்கியபோது நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்பது 7,200 ஆக உயரும் என்றார்கள். தகவலை டிஸ்க்கிலிருந்து எடுக்காமல் மெமரியிலேயே வைத்துக்கொண்டது அதில் முக்கியமான மாற்றம். ஆனால் சர்வரைத் தொடாமல் செய்த இரண்டு மாற்றங்கள் அதற்குக் குறைந்தவை அல்ல. எட்டு மணிக்கு முன்பதிவும் தத்காலும் ஒன்றாகத் திறந்துகொண்டிருந்ததில், 2012 ஜூலையில் தத்காலைப் பத்து மணிக்குத் தள்ளினார்கள். 2015 ஜூனில் ஏசிக்குப் பத்து, மற்றதற்குப் பதினொன்று என்று பிரித்தார்கள். கடிகாரத்தைத் திருத்துவதைவிட மலிவான சர்வர் வைத்தியம் கிடையாது.

முந்தி வருபவருக்கே என்ற விதியையே எடுத்துவிடுவது இன்னும் ஒரு படி மேல். திருமலையின் சில ஆர்ஜித சேவைகளுக்கு இணையத்தில் இரண்டு நாள் அவகாசம் கொடுத்துப் பெயர்களை வாங்கிக்கொண்டு, பிறகு குலுக்கல் போடுகிறார்கள். முதல் நிமிடத்தில் வந்தவருக்கும் மறுநாள் மாலை வந்தவருக்கும் ஒரே வாய்ப்பு. அதனால் யாரும் முட்டிமோதுவதில்லை. விநாடிக்கு 80 வேலை செய்யும் கிழட்டு டிஸ்க்குகூட அந்தக் கூட்டத்தைச் சமாளித்துவிடும். நேரில் முட்டிமோதினால் என்ன ஆகும் என்பதை 2025 ஜனவரி 8 இரவு திருப்பதி பார்த்தது. வைகுண்ட ஏகாதசி டோக்கன் கவுண்ட்டர் நெரிசலில் ஆறு பேர் இறந்தார்கள். சர்வர் படுத்ததால் தரிசனம் தவறியவர் வீட்டுக்காவது திரும்புகிறார்.

பாலசமுத்திரத்து விவசாயியின் அடங்கலுக்குக் குலுக்கல் போட முடியாது. அங்கே எந்தக் க்யூ என்று யாராவது பார்த்தே ஆகவேண்டும். பார்ப்பதற்கு எஞ்சினியர் வந்து சேர்கையில் மாலை நாலு மணி ஆகியிருக்கும். கூட்டம் கலைந்து, எல்லா எண்களும் சாதுவாக இருக்கும். ‘இப்போ சரியாத்தானே இருக்கு’ என்று எழுதிவிட்டுப் போவார். இதற்காகவே ‘சார்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. இயக்கிவைத்திருந்தால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா எண்களையும் குறித்துவைத்துக்கொண்டே இருக்கும். காலை 10.10-க்கு ‘அவெய்ட்’ எவ்வளவு இருந்தது, அப்போது பேக்அப் ஓடியதா, மெமரி தீர்ந்ததா என்று மறுநாளும், மறுவாரமும் படித்துப் பார்க்கலாம். சர்வருக்கு அது எந்தப் பாரமும் இல்லை; காசும் இல்லை. சில வகை லினக்ஸில் நிறுவியவுடன் அது தானாக ஓடாது. ஒரு ஃபைலில் ‘ஃபால்ஸ்’ என்று இருப்பதை ‘ட்ரூ’ என்று மாற்றவேண்டும்.

மாலை நாலரைக்கு அடங்கல் சில விநாடிகளில் அச்சாகி வந்துவிடுகிறது. வங்கி கவுண்ட்டர் அப்போது மூடியிருக்கும்.